அளவே மருந்து

நுழையும்முன்

நோயைத் தீர்க்கும் மருந்து, அளவில் பிறழ்ந்தால் நோயினும் கொடியதாகும். பிற மருந்துகளைக் கண்ணால் காணலாம், கையால் அளக்கலாம், நாவால் சுவைக்கலாம். புற்றுநோய் மருத்துவத்தில் பயன்படும் கதிர்வீச்சு என்னும் மருந்தோ ஐம்புலன்களுக்கும் எட்டாதது. அதனை அளந்து கொடுப்பதில் நேர்ந்த பிழைகளையும், அப்பிழைகளிலிருந்து உலகம் உருவாக்கிக்கொண்ட பாதுகாப்பு முறைகளையும் இப்பாடம் விளக்குகிறது. அறிவியல் வளர்ச்சி என்பது புதிய கருவிகளைக் கண்டுபிடிப்பது மட்டுமன்று. நேர்ந்த தவற்றை மறைக்காமல் ஆராய்ந்து திருத்திக்கொள்வதும் ஆகும்.

புதுக்கோட்டை தந்த மருத்துவர்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1886ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் பிறந்தவர் முத்துலட்சுமி. பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாக இருந்த காலத்தில், ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படித்தார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் உள்ளத்தில் ஆறாத வடுவாக நின்றது. அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்றை எழுப்பவேண்டும் என்னும் உறுதி அத்துயரத்திலிருந்தே பிறந்தது.

புற்றுநோய் வந்தால் இறப்பு உறுதி என்று பலரும் நம்பிய காலம் அது. தீராத நோய்க்கு எதற்காகப் பொருள் செலவிடவேண்டும் என்று கேட்டோரும் உண்டு. முத்துலட்சுமி தளரவில்லை. 1952இல் பிரதமர் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிறுவனம் தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும் மருத்துவர் சாந்தாவும் அதனைப் பேணி வளர்த்தனர். கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருளைக் கொண்டு சிகிச்சை அளிக்கும் கருவியை இந்தியாவில் தொடக்கத்திலேயே நிறுவிய மருத்துவமனைகளுள் இந்நிறுவனமும் ஒன்று.

புற்றுநோய்க்கான மருத்துவம் மூன்று பெரும் வகைகளில் அமைகிறது. அறுவை மருத்துவம், மருந்து மருத்துவம், கதிர்வீச்சு மருத்துவம் என்பன அவை. புற்றுநோயாளர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சிகிச்சையின் ஏதேனும் ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு பயன்தரும் என்று மருத்துவ அறிஞர்கள் கணிக்கின்றனர். இத்தனை பேருக்குப் பயன்படும் மருந்தின் அளவைச் சரியாகக் காப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

புலன்களுக்கு எட்டாத மருந்து

சிகிச்சை அறையில் நோயாளி தனியே படுத்திருக்கிறார். கனத்த கதவு மூடப்படுகிறது. சில நிமிடங்கள் கழித்துக் கதவு திறக்கிறது. அவர் எழுந்து வெளியே வருகிறார். ஒளி தெரிவதில்லை, வலி தோன்றுவதில்லை, சூடும் உறைப்பதில்லை. மருந்து உடலுக்குள் சென்றதா என்பதையே அவரால் அறிய இயலாது. சென்ற அளவு சரியா, மிகையா, குறைவா என்பதை எவ்வாறு அறிவார்?

உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அளவு 'கிரே' என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. ஒரு கிலோகிராம் நிறையுள்ள திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது ஒரு கிரே ஆகும். முழு உடலும் ஒரே நேரத்தில் 4 கிரே அளவு கதிர்வீச்சை ஏற்று, உரிய மருத்துவமும் கிடைக்காவிடில், அவ்வாறு பாதிக்கப்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் உயிரிழக்கக்கூடும். ஆனால், அதே 4 கிரே உடலின் வெப்பநிலையை உயர்த்துவது ஏறத்தாழ ஒரு பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. ஒரு மிடறு வெந்நீர் தரும் வெப்பத்தைவிடவும் இது குறைவு. உயிரைப் பறிக்கக்கூடிய அளவையும் உணர்த்தாத நிலையில் நம் புலன்கள் இருப்பதால்தான், கதிர்வீச்சு மருத்துவத்தில் அளவீடு உயிர்காக்கும் பணியாகிறது.

மிகுதியும் குறைவும்

திருக்குறளின் மருந்து அதிகாரம், மிகுதி, குறைவு ஆகிய இரண்டுமே நோய்க்குக் காரணம் என்னும் கருத்துடன் தொடங்குகிறது. கதிர்வீச்சு மருத்துவத்தின் அடிப்படையும் இதுவே.

கதிர்வீச்சு உயிரணுவின் உள்ளே இருக்கும் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. புற்றணுவும் சிதைகிறது; அதனைச் சூழ்ந்துள்ள நல்லணுவும் சிதைகிறது. எனினும், நல்லணு தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் திறம் மிக்கது. இவ்வேறுபாட்டைப் பயன்படுத்தியே மருத்துவர்கள் மொத்த அளவைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கின்றனர். எடுத்துக்காட்டாக, 60 கிரே தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 கிரே வீதம், வாரத்திற்கு ஐந்து நாள் என 30 முறை அளிக்கப்படும். இடைப்பட்ட நேரத்தில் நல்லணுக்கள் தேறிக்கொள்கின்றன.

அளவு மிகுந்தால் தோல், குடல், தண்டுவடம் முதலிய நல்ல உறுப்புகள் மீளாத கேடு அடையும். அளவு குறைந்தால் புற்றணுக்கள் பிழைத்து மீண்டும் வளரும். மிகுதியால் வரும் கேடு சில வாரங்களில் வெளிப்படலாம். குறைவால் வரும் கேடோ ஆண்டுகள் கழித்து, நோய் திரும்பி வந்ததாகவே தோன்றும். அளவில் நேர்ந்த பிழை என்று எவரும் ஐயுறமாட்டார். ஆகவே, மருத்துவர் குறித்த அளவுக்கும் நோயாளி பெறும் அளவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 5 விழுக்காட்டுக்குள் இருத்தல்வேண்டும் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட வரம்பாக உள்ளது.

பிழைகள் கற்பித்த பாடங்கள்

இவ்வரம்பு மீறப்பட்ட நிகழ்வுகள் உண்டு. அவற்றுள் சில ஆழ்ந்து ஆராயப்பட்டு, உலகிற்கே பாடமாக அமைந்தன.

நிமிடமும் நொடியும்: நடு அமெரிக்க நாடான கோஸ்ட்டா ரிக்காவின் தலைநகர் சான் ஹோசேயில், 1996 ஆகஸ்டில் ஒரு மருத்துவமனையின் கோபால்ட் கருவிக்குப் புதிய கதிரியக்க மூலம் பொருத்தப்பட்டது. புதிய மூலத்தின் வலிமையை அளந்தபோது 0.3 நிமிடம் என்பது 30 நொடி என்று கொள்ளப்பட்டது. ஒரு நிமிடத்திற்கு அறுபது நொடி ஆதலால், 0.3 நிமிடம் என்பது 18 நொடியே ஆகும். பதினெட்டு நொடியில் வெளிப்பட்ட கதிர்வீச்சு முப்பது நொடியில் வெளிப்பட்டதாகக் கணக்கிடப்பட்டதால், மூலம் தன் உண்மை வலிமையைவிட நலிந்ததாகத் தோன்றியது. அதனை ஈடுசெய்ய ஒவ்வொரு நோயாளிக்கும் சிகிச்சை நேரம் நீட்டிக்கப்பட்டது. ஒரு மாதத்திற்கும் மேலாக 115 பேர் தேவையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கதிர்வீச்சைப் பெற்றனர். நோயாளிகளிடம் வழக்கத்தை மீறிய எதிர்விளைவுகள் தென்பட்ட பின்னரே பிழை வெளிப்பட்டது.

அளக்கத் தவறிய மாதங்கள்: கோபால்ட்-60இன் அரையாயுட்காலம் ஏறத்தாழ 5.27 ஆண்டுகள். அதன் வலிமை மாதந்தோறும் ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறையும். அதற்கேற்பச் சிகிச்சை நேரத்தைக் கூட்டவேண்டும். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், 1974 முதல் 1976 வரை, இச்சிதைவைக் காட்டும் வரைபடம் தவறாக வரையப்பட்டது. மூலம் உண்மையில் நலிவதைவிட விரைவாக நலிவதாக அவ்வரைபடம் காட்டியது. சிகிச்சை நேரம் கூடிக்கொண்டே போனது. கருவியின் வெளியீட்டை நேரே அளந்து பார்த்திருந்தால் பிழை முன்னரே புலப்பட்டிருக்கும். அளவீடு நிகழாமையால் 426 பேர் மிகை அளவைப் பெற்றனர்.

இருமுறை செய்த திருத்தம்: இங்கிலாந்தின் வடக்கு ஸ்டாஃபோர்ட்ஷயரில் 1982இல் சிகிச்சைத் திட்டமிடலுக்குக் கணினி கொண்டுவரப்பட்டது. கதிர்மூலத்திற்கும் நோயாளிக்கும் இடையிலுள்ள தொலைவு மாறும்போது செய்யவேண்டிய திருத்தத்தை அக்கணினியே செய்துவிடும். அதை அறியாத பணியாளர்கள், பழைய வழக்கப்படி அதே திருத்தத்தைக் கையாலும் செய்தனர். ஒரே திருத்தம் இருமுறை நிகழ்ந்ததால் நோயாளிகள் பெற்ற அளவு குறைந்தது. புதிய கணினி அமைப்பு வந்த 1991இல்தான் இது தெரியவந்தது. அதற்குள் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் குறை அளவைப் பெற்றிருந்தனர். மிகுதியைப்போலக் குறைவு கூக்குரலிடுவதில்லை என்பதற்கு இந்நீண்ட காலமே சான்று.

பொறியை நம்பிய பிழை: தெராக்-25 என்பது கணினியால் இயங்கிய முடுக்கிக் கருவி. அதற்கு முந்தைய கருவிகளில், நிலைமை தவறானால் கதிர்வீச்சைத் தடுக்கும் மின்பொறிப் பூட்டுகள் தனியே இருந்தன. புதிய கருவியில் அப்பொறுப்பின் பெரும்பகுதி கணினி நிரலிடம் விடப்பட்டது. 1986 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில், பணியாளர் ஒருவர் கதிர்வகையைத் தவறாகத் தட்டச்சிட்டு, உடனே விரைந்து திருத்தினார். திரையில் திருத்தம் தெரிந்தது. கருவியின் உள்ளே அமைப்பு முழுமையாக மாறவில்லை. பொருள் விளங்காத பிழை எண் ஒன்று திரையில் தோன்றியது. அத்தகைய அறிவிப்புகள் அடிக்கடி வருவது வழக்கமாகையால், பணியாளர் சிகிச்சையைத் தொடரும் விசையை அழுத்தினார். குறித்த அளவைப்போல் நூறு மடங்கை ஒட்டிய கதிர்வீச்சு பாய்ந்தது. அளவு அத்துணை மிகுந்ததால் நோயாளி மின்சாரம் தாக்கியதுபோல் அதிர்ந்து எழ முயன்றார். அறையின் நிகழ்படக் கருவியும் ஒலிபெருக்கியும் அன்று இயங்கவில்லை. அவர் கதவைத் தட்டிய பின்னரே வெளியில் இருந்தோருக்குச் செய்தி தெரிந்தது.

1985 முதல் 1987 வரை இக்கருவியால் ஆறு விபத்துகள் நேர்ந்தன. குறைந்தது மூவர் உயிரிழந்தனர். மிகை அளவு தர இக்கருவிக்கு வாய்ப்பே இல்லை என்னும் நம்பிக்கை, நோயாளிகள் சொன்னதை ஏற்கவிடாமல் தடுத்தது. டைலர் மருத்துவமனையின் இயற்பியலாளரும் அப்பணியாளரும் சேர்ந்து, நடந்ததை அதே வேகத்தில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துப் பிழையை மீண்டும் தோன்றச் செய்தனர். அதன் பின்னரே உண்மை நிலைநாட்டப்பட்டது.

> தெரிந்து தெளிவோம்
> கதிர்வீச்சு அலகான 'கிரே', இங்கிலாந்து நாட்டு இயற்பியலாளர் லூயி ஹெரால்டு கிரே என்பவரின் நினைவாகப் பெயரிடப்பட்டது. கோபால்ட் கருவியில் கதிரியக்கப் பொருள் எப்போதும் கதிர்களை உமிழ்ந்துகொண்டே இருக்கும். தடுப்பைத் திறந்து மூடுவதால் அது கட்டுப்படுத்தப்படுகிறது. முடுக்கிக் கருவியிலோ மின்சாரத்தை நிறுத்தியதும் கதிர்வீச்சு நின்றுவிடும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் முயற்சியால் உள்நாட்டிலேயே உருவான கோபால்ட் கருவிக்குப் 'பாபாட்ரான்' என்று பெயர்.

பிழைகளின் பொதுத்தன்மை

இந்நான்கு நிகழ்வுகளையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை தெளிவாகிறது. எவரும் தீங்கு செய்ய எண்ணவில்லை. பணியாற்றியோர் பயிற்சி பெற்றவர்களே. பிழைகளுள் சில, பள்ளி மாணவரும் கண்டறியத்தக்க எளிய கணக்குப் பிழைகள். ஆயினும், ஒருவர் செய்த கணக்கை மற்றொருவர் தனித்து நின்று சரிபார்க்கவில்லை. அல்லது கணக்கில் கிடைத்ததை அளவீட்டோடு ஒப்பிடவில்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செய்யும் தவறு அந்த ஒருவரோடு நிற்கிறது. கருவியின் அடிப்படை அளவீட்டில் நேரும் தவறோ, அக்கருவியின்கீழ்ப் படுக்கும் ஒவ்வொருவரையும் தொடர்கிறது. தராசுப்படிக் கல்லே எடை பிறழ்ந்திருந்தால், அக்கடையில் வாங்கும் அனைவருக்கும் எடை பிறழும் அல்லவா? அதுபோன்றதே இதுவும்.

இரண்டாவது கண்

இந்தியாவில் கதிர்வீச்சின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் பொறுப்பு, 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் உள்ளது. அதன் உரிமம் இன்றி எந்த மருத்துவமனையும் கதிர்வீச்சு மருத்துவம் அளிக்க இயலாது. சிகிச்சை அறையின் சுவர்த் தடிமன் முதற்கொண்டு பணியாளர்களின் கல்வித் தகுதி வரை வாரியம் வரையறுத்துள்ளது. கதிர்வீச்சு மருத்துவர், மருத்துவ இயற்பியலாளர், கதிர்வீச்சுத் தொழில்நுட்பர், கதிரியல் பாதுகாப்பு அலுவலர் ஆகியோர் இருத்தல் கட்டாயம்.

சிகிச்சைக்கு முன்னும் சிகிச்சையின்போதும் பல அடுக்குச் சரிபார்ப்புகள் நிகழ்கின்றன. காலையில் முதல் நோயாளி வருமுன் கருவியின் வெளியீடு அளந்து பார்க்கப்படுகிறது. மனித உடலின் பெரும்பகுதி நீர் ஆதலால், நீர் நிறைந்த தொட்டியில் அயனிக் கலம் என்னும் அளவியை வைத்து உரிய கால இடைவெளிகளில் முழு அளவீடு செய்யப்படுகிறது. ஒருவர் போட்ட சிகிச்சைக் கணக்கை மற்றொருவர் வேறு வழியில் மீண்டும் போட்டுப் பார்க்கிறார். முதல் விடையைப் பார்த்துக்கொண்டே செய்யும் கணக்கு சரிபார்ப்பு ஆகாது. அது படியெடுத்தலே ஆகும்.

நோயாளியின் பெயரும் அடையாள எண்ணும் ஒவ்வொரு நாளும் கேட்டு உறுதிசெய்யப்படுகின்றன. கதிர் விழவேண்டிய இடம் உடலில் இடப்பட்ட குறிகளாலும், எடுக்கப்படும் படங்களாலும் ஒத்துப்பார்க்கப்படுகிறது. கதவு திறந்தால் கதிர்வீச்சு தானே நின்றுவிடும் பூட்டு உண்டு. அவசர நிறுத்த விசைகள் உண்டு. நோயாளியைக் காணவும் அவர் குரலைக் கேட்கவும் நிகழ்படக் கருவியும் ஒலிக்கருவியும் இயங்கவேண்டும்.

மருத்துவமனைக்கு வெளியிலிருந்தும் ஒரு கண் தேவை. பன்னாட்டு அணுசக்தி முகமையும் உலகச் சுகாதார நிறுவனமும் 1969 முதல் அஞ்சல்வழித் தணிக்கை ஒன்றை நடத்திவருகின்றன. 2017 வரை, வெப்பமூட்டினால் ஒளிரும் தூள் அடங்கிய சிற்றுறை மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது. மருத்துவமனை அதன்மீது குறித்த அளவு கதிர்வீச்சைச் செலுத்தித் திருப்பி அனுப்பியது. தூள் உமிழ்ந்த ஒளியின் அளவைக்கொண்டு, அது உண்மையில் ஏற்ற கதிர்வீச்சு எவ்வளவு என்று ஆய்வகம் கணக்கிட்டது. மருத்துவமனை சொன்ன அளவும் ஆய்வகம் கண்ட அளவும் ஒத்துள்ளனவா என்று பார்க்கப்படும். இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் இத்தகைய தணிக்கையை மேற்கொள்கிறது.

இவை அனைத்தினும் தலையாயது, பிழையை வெளிப்படையாகச் சொல்லும் பண்பு. நோயாளிக்குத் தீங்கு நேருமுன் தடுக்கப்பட்ட சிறு தவறும் பதிவுசெய்யப்படவேண்டும். தவற்றைச் சொன்னவர் தண்டிக்கப்படும் இடத்தில் தவறுகள் குறைவதில்லை, மறைக்கப்படுகின்றன. கோஸ்ட்டா ரிக்காவின் பிழை ஆராயப்பட்டு அறிக்கையாக வெளிவந்ததால்தான், அந்நாட்டின் பெயரை மட்டுமே கேட்டறிந்த மருத்துவமனைகளும் இன்று அதிலிருந்து பாடம் கற்கின்றன.

நால்வருள் முதல்வர்

நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர் ஆகிய நான்கின் கூட்டே மருத்துவம் என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் நிறைவுறுகிறது. அந்நால்வருள் நோயுற்றவரே முதலில் வைக்கப்பட்டுள்ளார். மருத்துவத்தில் நோயாளி வெறும் பொருள் அல்லர், பங்கேற்பவர். பாதுகாப்பின் கடைசிச் சரிபார்ப்பும் அவரே.

தம் பெயரை நாள்தோறும் கேட்பது ஏன் என்று நோயாளி சலித்துக்கொள்ளத் தேவையில்லை. வேறொருவர் பெயரால் அழைக்கப்பட்டால் உடனே மறுத்துச் சொல்லவேண்டும். நேற்று வலப்பக்கம் நிகழ்ந்த சிகிச்சை இன்று இடப்பக்கம் தொடங்கினால், காரணம் கேட்கத் தயங்கக்கூடாது. தோலில் எரிச்சல், விழுங்குவதில் இடர்ப்பாடு, வயிற்றுப்போக்கு முதலியவை வழக்கமாக எதிர்பார்க்கப்படும் விளைவுகளாகவே இருக்கலாம். எனினும், அவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் கூறவேண்டும். படிக்காத முதியவருடன் செல்லும் பேரனோ பேத்தியோ இவற்றைக் கேட்டுச் சொல்லும் துணையாகலாம்.

அச்சத்தால் சிகிச்சையை இடையில் கைவிடுவதும் அளவுப் பிழையே. புதுக்கோட்டை மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து ஆறு வாரம் நாள்தோறும் பேருந்தேறிச் சென்று வருவது எளிதன்று. நாற்று நடவும், கூலி இழப்பும், வீட்டுச் சடங்குகளும் குறுக்கிடும். ஆனால், பத்து நாள் விடுபட்டால் அவ்விடைவெளியில் புற்றணுக்கள் மீண்டும் பெருகும். கருவி சரியாக இயங்கியும், கணக்கு சரியாக இருந்தும், நோயாளி பெறவேண்டிய பயன் குறைந்துவிடும். வர இயலாத நாளை முன்னரே மருத்துவமனைக்குத் தெரிவித்தால், அதற்கேற்ப மருத்துவர் திட்டத்தை மாற்றியமைக்க வழியுண்டு.

தீராத நோய் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றை எதிர்த்து மருத்துவமனை எழுப்பினார் புதுக்கோட்டையின் முத்துலட்சுமி. அந்நம்பிக்கையை நாள்தோறும் காப்பாற்றுவோர், காலையில் கருவியை அளந்து பார்க்கும் இயற்பியலாளரும், ஒருமுறை போட்ட கணக்கை மறுமுறை போட்டுப் பார்க்கும் உடன்பணியாளரும், தம் பெயரைத் தெளிவாகச் சொல்லிவிட்டு அறைக்குள் நுழையும் நோயாளியும் ஆவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வழங்குமுன் செய்யப்படும் சரிபார்ப்புகளைக் கேட்டறிந்து பட்டியலிடுக.
2. வகுப்பில் இருவர் இருவராகப் பிரிந்து, ஒரே கணக்கை ஒருவர் விடையை மற்றவர் பாராமல் செய்து, விடைகளை ஒப்பிட்டுக் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. 0.3 நிமிடம் என்பது எத்தனை நொடி?
அ) 3 ஆ) 18 இ) 30 ஈ) 33

2. பொருந்தாத இணையைக் கண்டறிக.
அ) கொலம்பஸ் – மிகை அளவு
ஆ) சான் ஹோசே – மிகை அளவு
இ) வடக்கு ஸ்டாஃபோர்ட்ஷயர் – மிகை அளவு
ஈ) டைலர் – மிகை அளவு

குறுவினா

1. கிரே என்னும் அலகை வரையறுக்க.
2. மொத்தக் கதிர்வீச்சு அளவைச் சிறு பகுதிகளாகப் பிரித்து அளிப்பது ஏன்?

சிறுவினா

1. குறை அளவால் நேரும் கேடு நெடுங்காலம் வெளிப்படாமல் இருப்பதன் காரணத்தை விளக்குக.
2. அஞ்சல்வழித் தணிக்கை நடைபெறும் முறையை எழுதுக.

நெடுவினா

1. 'பிழையை மறைக்காமல் சொல்வதே பாதுகாப்பின் தொடக்கம்' – பாடப்பகுதியின் நிகழ்வுகளைக்கொண்டு நிறுவுக.